இசை இதழ் ப்ராஜெக்ட்: சினிமாவா, கச்சேரியா, கொடையா?

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிற பிள்ளைகளுக்கு "ஒரு இசை இதழை நீங்களே வடிவமைச்சுக் கொண்டு வாங்க" என்று ப்ராஜெக்ட் கொடுத்தால் போதும், அன்றைக்கு ராத்திரியே எந்த சாஃப்ட்வேர், எந்த டெம்ப்ளேட், எந்த ஃபான்ட் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பாளையங்கோட்டையில் டிடிபி வேலை பார்க்கிற எனக்கு இந்தக் கேள்விகள் ஒவ்வொரு செமஸ்டரும் தவறாமல் வந்து சேரும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யாரைப் பற்றின இதழ், அந்த ஆளை நேரில் போய்ப் பார்க்க முடியுமா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் படம், பேட்டி, பக்க அமைப்பு, அச்சுச் செலவு எல்லாம் பாதிக்குமேல் தானாக முடிவாகிவிடும். கிடைக்காவிட்டால் எவ்வளவு நல்ல டெம்ப்ளேட் போட்டாலும் உள்ளே காற்றுதான்.

முதலில் அந்த டெம்ப்ளேட் விஷயத்தைப் பேசிவிடுவோம். இணையத்தில் தேடினால் வரும் மாதிரிகளில் நிறைய இங்கிலாந்து மாணவர்கள் செய்தவை. அங்கே பள்ளி மீடியா பாடத்தில் ஒரு புது இசை இதழுக்கு அட்டை, பொருளடக்கம், எதிரெதிர் இரண்டு பக்கக் கட்டுரை என்று செய்வது பல வருடம் வழக்கமான பயிற்சி. அவர்களுக்கு மாதிரி என்எம்இ, கியூ, கெர்ராங் போன்ற இதழ்கள். என்எம்இ 1952-ல் தொடங்கி 2018-ல் வாராந்தர அச்சை நிறுத்தியது, கியூ 1986-ல் வந்து 2020-ல் மூடப்பட்டது. பார்த்துப் படித்துக்கொள்ள அவற்றில் நிறைய இருக்கிறது, ஆனால் எதை ஏன் செய்தார்கள் என்று தெரிந்து எடுக்க வேண்டும். தலைப்புகளை அட்டையின் இடது ஓரத்தில் அடுக்குவது அங்கே கடை அடுக்குகளுக்காக: ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் இடது பக்கம் மட்டும்தான் வெளியே தெரியும். நம்ம ஜங்ஷன் பக்கத்துப் பெட்டிக்கடையில் கயிறு கட்டி கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்கள், கீழ்ப்பாதியை அடுத்த வரிசை மறைத்துவிடும். அதனால் இங்கே முக்கியமான வரி அட்டையின் மேல் பாதியில் இருக்க வேண்டும், இடமா வலமா என்பது அப்புறம்.

சரி, எந்த இசை?

சினிமாவை எடுப்பவர்கள்தான் அதிகம். வாசகர் யார் என்று விளக்க வேண்டாம், எல்லாரும் கேட்கிறார்கள், விஷயமும் கொட்டிக் கிடக்கிறது. கஷ்டம் படத்தில் ஆரம்பிக்கும். இசையமைப்பாளரை நீங்கள் பேட்டி எடுக்கப் போவதில்லை, படம் நெட்டிலிருந்துதான் வரும். செல்போனில் பளிச்சென்று இருந்த படத்தை ஏ4 அட்டை முழுக்கப் பரப்பினால் முகம் கலங்கிப்போகும். 300 டிபிஐ-யில், அதாவது ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி வீதம், ஏ4 அட்டைக்குக் கிட்டத்தட்ட 2480க்கு 3508 பிக்சல் வேண்டும், வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படம் அதன் பக்கத்தில்கூட வராது. பேட்டி என்ற பெயரில் வருவதும் யாரோ எடுத்த நாலைந்து பேட்டிகளை ஒட்டியதாக இருக்கும். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் "இதில் உன்னுடையது எது?" என்று கேட்டால் லேஅவுட்டைத்தான் காட்ட வேண்டி வரும். பாட்டு வரிகளை முழுசாகப் போடுவதும் வம்பு, நம் சட்டப்படி எழுதியவர் காலமாகி 60 ஆண்டு வரைக்கும் பதிப்புரிமை உண்டு.

சினிமாதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்களுக்கு ஒரு வழி சொல்வேன். பாடுகிறவர்களை விட்டுவிட்டு அந்தப் பாட்டை ஊருக்குள் கொண்டுவந்து சேர்க்கிறவர்களைப் பிடியுங்கள். கல்யாண வீட்டு ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிப்பவர், கூம்பு ஸ்பீக்கர் காலத்திலிருந்து தொழில் செய்யும் மைக்செட்காரர், எந்த ரூட்டில் எந்தப் பாட்டு எடுபடும் என்று விரல் நுனியில் வைத்திருக்கும் மினி பஸ் டிரைவர். ஒரு மைக்செட்காரரிடம் மட்டுமே நாலு பக்கத்துக்கு விஷயம் தேறும். வீட்டுக்கு வீடு முதல் பாட்டு எது, எந்தப் பாட்டைப் போட்டால் எந்தத் தெருவில் சண்டை வரும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது வழி கோயில் இசையும் கச்சேரியும். இந்தச் சீமைக்கு அதில் இருக்கிற சொத்து கொஞ்சமில்லை. முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் காலமானது எட்டயபுரத்தில். அதே ஊரிலிருந்து சுப்பராம தீட்சிதர் 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற இசை நூலை வெளியிட்டார், அதில் ஸ்வரத்தை அசைத்து வளைக்கிற கமகங்களுக்கென்றே தனிக் குறிகள் வைத்து அச்சுக்கோத்திருக்கிறார்கள். இசையைத் தாளில் எப்படி அச்சிடுவது என்ற நம்முடைய இதே கேள்வியோடு நூறு வருடத்துக்கு முன்னால் இங்கே ஒரு அச்சுக்கூடம் மல்லுக்கட்டியிருக்கிறது, இதை வைத்தே ஒரு கட்டுரை பண்ணலாம். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து இருக்கிறது, அவர் 1891-லேயே மறைந்துவிட்டதால் பாட்டை முழுசாகப் போட்டுக்கொள்ளலாம். காருகுறிச்சி அருணாசலம் இருக்கிறார், 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகி குரலோடு போட்டி போடுகிற அந்த நாதஸ்வரத்தைக் கேட்காத வீடு ஏது. சாம்பவர்வடகரையில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற இசை ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்களைச் சொல்லவே வேண்டாம்.

இவ்வளவு இருந்தும் நான் இதை இரண்டாவதாகத்தான் வைப்பேன். சொன்னவர்களில் ஒருவரைக்கூட இனிமேல் போய்ப் பார்க்க முடியாது. பழைய படம், பழைய நூல், பழைய தகவல் என்று நூலகத்திலேயே வேலை முடிந்துவிடும், வந்து நிற்கிற இதழ் கும்பாபிஷேக மலர் மாதிரி இருக்கும். தட்டினால் ஸ்வரம் பேசுகிற தூணைப் படம் எடுத்துப் போட்டால் அது வெறும் தூண்தானே. அதற்கு உயிர் வர வேண்டுமென்றால் இன்றைக்கு வாசிக்கிற ஆள் வேண்டும். திருநெல்வேலியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, நாதஸ்வரமும் தவிலும் படிக்கும் பிள்ளைகள் கிட்டத்தட்ட உங்கள் வயதுக்காரர்கள்தான். அவர்களில் ஒருவர் காலையில் எழுந்து நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியைச் சரிபார்ப்பதில் தொடங்கி ஒரு நாளை எழுதினால், காருகுறிச்சியார் அந்தக் கட்டுரைக்குள் தானாக வந்துவிடுவார்.

என் ஓட்டு கொடைக்கு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் கோயில்களில் நடக்கும் ஊர்த் திருவிழாவை இங்கே கொடை என்போம். ஒரே ராத்திரியில் ஒரே பந்தலடியில் வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும், சுடலை கோயில் என்றால் கணியான் கூத்தும் கிடைக்கும். பேட்டிக்கு ஆள் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். படம் உங்களுடையது, பதிவு செய்த ஒலி உங்களுடையது, வேறு எந்த இதழிலும் அது வந்திருக்காது. இன்னொன்று, இவை கண்ணுக்கும் நல்ல தீனி. நீண்ட வில், அதில் வரிசையாகத் தொங்கும் வெண்கல மணிகள், வில்லைத் தாங்குகிற குடம், வீசுகோல், உடுக்கை, ஜால்ரா, கட்டை. ஆட்கள் வந்து உட்காருவதற்கு முன்னால் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று இதை மேலிருந்து ஒரே படமாக எடுங்கள், இதழின் நட்டநடுப் பக்கத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வில்லைக் கிடத்துங்கள். சென்டர் பின் அடித்த இதழில் நடுப்பக்கம் மட்டும்தான் ஒரே தாள். மற்ற எந்த எதிரெதிர்ப் பக்கமும் இரண்டு வேறு தாள்கள் என்பதால் மடிப்பில் ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலும் வில் ஒடிந்த மாதிரி தெரியும்.

கணியான் கூத்தில் மகுடம் என்கிற தோல் பறை இரண்டு, ஒன்று உச்சம், ஒன்று மந்தம். தலைமைப் பாடகரான அண்ணாவி கதை பாட, பெண் வேடம் போட்ட ஆண்கள் ஆடுவார்கள். தோல் தளர்ந்தால் மகுடத்தைத் தீயில் காட்டி இறுக்குவார்கள், தட்டிப் பார்ப்பார்கள், திரும்பவும் காட்டுவார்கள். எனக்கு அட்டைப்படம் எடுக்கச் சொன்னால் அந்த நேரத்தைத்தான் எடுப்பேன். ஆட்டம் தொடங்கியபிறகு கூட்டத்துக்குள் மல்லுக்கட்டி எடுக்கும் படத்தில் பத்துக்கு எட்டு கலங்கலாகத்தான் வரும். வேடம் போடும் நேரம் இன்னொரு நல்ல நேரம், சாயங்கால வெளிச்சம் மிச்சமிருக்கும், பேச்சும் தாராளமாக வரும்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. ட்யூப்லைட்டும் சீரியல் பல்பும் சேர்ந்து முகத்தைப் பச்சையாக்கிவிடும், அதை போட்டோஷாப்பில் சரிபண்ண உட்கார்ந்தால் ஒரு வாரம் போய்விடும். பேசாமல் ராத்திரிப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கி, குங்குமச் சிவப்பு ஒன்றை மட்டும் இதழ் முழுக்கத் துணை நிறமாக வைத்துக்கொள்ளுங்கள், பச்சை முகத்தை யாரும் பார்க்கப்போவதில்லை, இதழுக்கும் ஒரு ஒழுங்கு வந்துவிடும். கோயிலுக்கு வரி கொடுத்துக் கொடை நடத்தும் வரிதாரர்களிடம் முன்கூட்டியே போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும். ப்ளாஷ் வேண்டவே வேண்டாம். "சாமி வார நேரத்துல அந்த லைட்ட மூஞ்சில அடிக்காதிய தம்பி, பாட்டு அந்துபோகும்" என்று வில்லடிக்கிற ஒரு அம்மா சொன்னார். பயபக்தியைவிட அதில் தொழில் அக்கறைதான் எனக்குக் கேட்டது.

எழுதும்போது 'அழிந்துவரும் தொன்மைக் கலை' என்று தயவுசெய்து தலைப்புப் போடாதீர்கள். ஆடி மாதம் வெள்ளி செவ்வாய்க்குத் தேதி கிடைக்காமல் ஓடிக்கொண்டிருக்கும் குழுவைப் பற்றி அப்படி எழுதினால் அவர்களே சிரிப்பார்கள். ஒரு கொடைக்கு எத்தனை பேர் போகிறார்கள், சம்பளம் எப்படிப் பிரிகிறது, வேன் யாருடையது, மைக் சரியில்லாத ஊரில் என்ன செய்வார்கள், பெண் புலவர் பாடும்போது பக்கப்பாட்டுக்காரர் எங்கே 'ஆமா' போடுகிறார், எங்கே விட்டுப்பிடிக்கிறார். இதையெல்லாம் கேளுங்கள். கூடவே ஒரு பக்கக் கட்டுரைக்கு சுப்பு ஆறுமுகம் இருக்கிறார்: 1928-ல் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர், வில்லை மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுபோனவர், 2021-ல் பத்மஸ்ரீ, 2022-ல் மறைவு. மேடை வில் ஒரு மணி நேரத்தில் முடியும், கொடை வில் சாமியின் பிறப்பிலிருந்து கதை சொல்லி விடிய விடியப் போகும், இரண்டும் கேட்டவரிடம் பேசினால் வித்தியாசத்தை அவரே சொல்லிவிடுவார். கதைகளில் சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ளவும் இங்கே இடம் இருக்கிறது, பாளை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலுக்குப் பெயர்போன இடம்.

நாலாவதாக ராப், கல்லூரி பேண்ட், சர்ச் பாடகர் குழு. தனி ஆளாக, மூன்று வாரத்தில் முடித்தாக வேண்டும் என்றால் இதுதான் லேசு, நண்பர்கள்தான் நட்சத்திரங்கள், பகல் வெளிச்சத்தில் தாமிரபரணிக் கரையில் நிறுத்திப் படம் எடுத்துவிடலாம். இங்கிலாந்து டெம்ப்ளேட்டும் இதற்குத்தான் பொருந்தும். பாளையங்கோட்டை சர்ச் குழுக்களில் மட்டும் தனியாக ஒரு இதழுக்குச் சரக்கு இருக்கிறது, டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது கூடவே போனால் போதும்.

உங்களுக்கு ப்ராஜெக்ட் எந்த செமஸ்டரில் வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூனில் தொடங்கும் செமஸ்டர் என்றால் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம், ஆடிக் கொடைகள், சொரிமுத்தையனார் கோயில் ஆடி அமாவாசை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக வரும். டிசம்பரில் தொடங்கினால் மார்கழி பஜனை, கேரல், அப்புறம் பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில்கள், அவ்வளவுதான். அந்தச் சமயத்தில் கொடையைப் பிடித்துத் தொங்க வேண்டாம், இசைப்பள்ளி வழியாகப் போவதே நல்லது.

இனி சாஃப்ட்வேர். கேன்வாவில் அட்டை அரை மணி நேரத்தில் வந்துவிடும், ஆனால் நீளமான கட்டுரைக்கு அது ஆகாது, ஒரு பத்தியில் நாலு வரி கூடினால் அடுத்த பெட்டிக்குத் தானாக ஓடாது, கையால் வெட்டி ஒட்ட வேண்டும். கோரல் டிராவும் நீளமான வேலைக்கு ஆகாது, நோட்டீஸுக்கும் ஃப்ளெக்ஸுக்கும் ராஜா, இருபது பக்கத்துக்குக் கண்ணீர். கல்லூரி லேப்பில் இன்டிசைன் இருந்தால் அதைவிட வேறு வேண்டாம். ஒன்றே ஒன்று, பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் எழுத்து சிதறும், 'கொடை'யில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக நிற்கும். காசு இல்லாவிட்டால் ஸ்க்ரைபஸ், இலவசம், 2024-ல் வந்த 1.6 பதிப்பில் தமிழ் ஒழுங்காக வருகிறது. கொஞ்சம் முரட்டு சாஃப்ட்வேர், ஒரு வாரம் பழக வேண்டும்.

எங்களை மாதிரிக் கடைகளில் சிலர் இன்னும் பேஜ்மேக்கரும் பழைய ஃபான்டும் வைத்திருக்கிறோம். அதற்குள் யூனிகோட் நுழையாது. மாற்றிப்போட்டால் ஆங்கில எழுத்தும் மேற்கோள் குறியும் தமிழ் எழுத்தாகிப் பல்லிளிக்கும், மறுபடி முதலிலிருந்து ப்ரூஃப் பார்க்க வேண்டும். ஆகவே தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்து, பக்கத்தையும் நீங்களே முடித்து, பிடிஎஃப்-ஆக மட்டும் கடைக்குக் கொண்டு வாருங்கள். ஃபான்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், மீரா இனிமை, கவிவனார் எல்லாம் இலவச உரிமத்தில் கிடைக்கின்றன. உடலெழுத்துக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று, போதும்.

ஆங்கில இதழ்களைப் பார்த்து ஒரு பக்கத்தை மூன்று நாலு காலமாக (நெடுவரிசையாக) பிரித்துப் போடுவது தமிழுக்கு ஒத்துவராது. 'வில்லுப்பாட்டுக்காரர்களிடமிருந்து' என்று ஒரு சொல் வந்தால் ஒரு காலத்தின் வரி முழுக்க அதுவே பிடித்துக்கொள்ளும், இரண்டு பக்கமும் சமமாக இழுத்து நிறுத்தினால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். ஏ4 என்றால் இரண்டு காலம், 10 அல்லது 11 புள்ளி எழுத்து, இடது பக்கம் மட்டும் சீராக, வரி இடைவெளி தாராளமாக. மேலே விசிறியும் கீழே சுழியும் இருக்கிற எழுத்து நம்முடையது, நெருக்கினால் மேல் வரி 'கு'வின் வால் கீழ் வரி 'கி'யின் தலையில் இடிக்கும்.

இதழின் பெயரிலும் இதே கதை. அட்டையில் இருப்பவரின் தலை பெயரைக் கொஞ்சம் மறைக்கிற மாதிரி வைப்பது பெரிய இதழ்களின் பழக்கம், பார்க்க ஜோராக இருக்கும். 'மகுடம்' என்று பெயர் வைத்து அதே மாதிரி செய்தால் தலை போய் 'கு'வின் சுழியை மறைக்கும், அட்டையில் 'மகடம்' என்று நிற்கும். மறைப்பதாக இருந்தால் 'ட' மாதிரி நேர்கோட்டு எழுத்தின் ஓரத்தை மறையுங்கள், புள்ளியையும் சுழியையும் விட்டுவிடுங்கள். பெயர் மூன்று நாலு எழுத்தில் இருப்பது நல்லது, நீளமான பெயர் அட்டை அகலத்துக்குள் அடங்க எழுத்து சிறுத்துவிடும்.

அச்சா, பிடிஎஃப்பா என்று கேட்டால் இரண்டும் என்பேன். பிடிஎஃப் எல்லாருக்கும் அனுப்ப, அச்சு மதிப்பெண்ணுக்கு. இசை இதழில் சத்தம் இல்லாவிட்டால் எப்படி, நீங்கள் பதிவு செய்த அரை நிமிட மகுட ஒலிக்குப் பக்கத்தில் ஒரு க்யூஆர் கோடு வையுங்கள், இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், வெள்ளைமேல் கறுப்பில். சாமி படத்தின்மேல் பொன்னிறத்தில் போட்டால் அழகாக இருக்கும், ஸ்கேன் ஆகாது.

அச்சில் ஆப்செட்டா டிஜிட்டலா என்பது எண்ணிக்கைக் கணக்கு. ஆப்செட்டில் நாலு நிறத்துக்கும் பிளேட் போட்டாக வேண்டும், 30 பிரதிக்கும் 500 பிரதிக்கும் அந்தச் செலவு ஒன்றுதான், 300-க்குக் கீழே அதை யோசிக்கவே வேண்டாம். சிவகாசியில் மலிவாக முடியும் என்று கோவில்பட்டி, சாத்தூர் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. ஆடியில் படம் எடுத்துப் புரட்டாசியில் அங்கே போய் நின்றால் காலண்டர், டைரி வேலை உச்சத்தில் இருக்கும், உங்கள் இருபது பக்க இதழ் வரிசையில் கடைசிதான். 30, 40 பிரதிக்கு உள்ளூர் டிஜிட்டலே போதும், 12க்கு 18 இன்ச் ஷீட்டில் ஏ4-ன் இரண்டு பக்கம் ஓரவெட்டோடு அடங்கும். பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும், நாலு பக்கமும் வெட்டுக்கோட்டைத் தாண்டி 3 மில்லிமீட்டர் ப்ளீடு, எழுத்து தனிக் கறுப்பில், தாளின் கனம் உள்ளே 80 அல்லது 100 ஜிஎஸ்எம், அட்டை 200-க்கு மேல். இது தெரிந்த சங்கதிதான்.

பிரதி எண்ணும்போது துறைக்கும் வைவாவுக்கும் மட்டும் எண்ணாதீர்கள். குழுவில் ஆளுக்கு ஒன்று, அண்ணாவிக்கு இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குச் சம்மதம் என்றால் படத்தின் கீழே பெயரோடு செல்போன் நம்பரையும் போட்டுவிடுங்கள், அடுத்த கொடைக்கு அட்வான்ஸ் கொடுக்க வருகிற வரிதாரர் முதலில் தேடுவது அதைத்தான்.